நனைந்த கோணியின் வாசனை

மகனுக்கு,

நீ கேட்டிருந்த பதில் இந்தக் கடிதத்தின் நடுவில் எங்கோ இருக்கிறது. முதலிலோ கடைசியிலோ வைத்தால் அதை மட்டும் படித்துவிட்டு மற்றதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போடுவாய். உன் அப்பாவும் அப்படித்தான் நாளிதழ் படிப்பார். ஜனவரியில் உன் திருமணம் முடிந்த மாலை நம் மொட்டை மாடியில் நடக்கவிருக்கும் விருந்தில் எந்த உணவோடு எந்த வைனைப் பரிமாறலாம் என்று கேட்டாய். "உன் மூக்கை நம்பித்தாம்மா இந்த விருந்தே" என்று தொலைபேசியில் சொன்னாய். அந்த மூக்கைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது இப்போது வேலை செய்யவில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் வந்த காய்ச்சலோடு மணம் போனது. காய்ச்சல் விட்டது, மணம் திரும்பவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன். காரணம் உனக்கே விளங்கும். ஆனாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எழுதாமல் விட்டதை எல்லாம் பிறகு ஆளுக்கொரு விதமாக நினைவுபடுத்திக்கொள்வார்கள்.

உன் அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து நீ பெங்களூருக்குப் புறப்பட்ட காலையில் சமையலறை வாசலில் நின்று, "தனியா எப்படிம்மா இருப்ப? என்கூட வந்துடு" என்றாய். "எதுக்கு? உன் பால்கனியில இருக்கிற நாலு செடிக்குக் காவல் இருக்கவா?" என்றேன். நீ விடவில்லை. இந்தச் சாந்தோம் வீட்டின் படிகள், குளியலறையின் வழுக்கும் தரை, தெருவின் நாய்கள் என்று அடுக்கினாய். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன்: "என் மூக்கும் நாக்கும் சரியா இருக்கிற வரைக்கும் இந்த அடுப்பு என்னோடது. அது போனா நானே சொல்றேன்." நீ சிரித்துவிட்டாய். "சரி. கெட்டுப்போன மீனை நீ வாங்கிட்டு வர்ற அன்னிக்குப் பெட்டி கட்டிடலாம்." அன்று நாம் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. தோற்கவே மாட்டோம் என்று நினைத்ததைத்தான் மனிதர் பணயம் வைப்பார்கள். நானும் அப்படித்தான் வைத்தேன்.

என் கர்வத்துக்கு நியாயம் இருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் எந்தப் பெண் எந்தக் குப்பியை மூடாமல் போனாள் என்பதைத் தாழ்வாரத்திலிருந்தே சொல்வேன். நீ படிக்கும் காலத்தில் அடையாற்றிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, புதினா மிட்டாயை மென்றபடி மாடியேறுவாய். சிகரெட்டைக் குடித்தது நீயா, பக்கத்தில் நின்றவனா என்பது வரை எனக்குத் தெரியும். பெரும்பாலும் நீதான். மீன்காரக் கன்னியம்மாள் கூடையை இறக்கி வைக்கும் முன்பே, "அடியில இருக்கிறது நேத்து மீன், அதை வேற வீட்டுக்குக் கொண்டு போ" என்று படியிலிருந்து சொல்லிவிடுவேன். "இந்தம்மா மூக்க அறுத்து ஃபிரிட்ஜுல வெக்கணும்" என்று அவள் முணுமுணுப்பாள். அப்படிப்பட்ட மூக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை மயிலாப்பூரில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடையைத் தாண்டியபோது ஒன்றும் சொல்லவில்லை. கடை பூட்டியிருக்கிறது போலும் என்று திரும்பிப் பார்த்தேன். திறந்திருந்தது. எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நான்கு பேர் பொடிக்குக் காத்திருந்தார்கள். நான் போய் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பொடி தேவையில்லை. அரைபடும் இடத்துக்கு மிக அருகில் நின்றால் வருமோ என்றுதான். வரவில்லை. கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்; இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அடையாற்றில் ஓர் இளம் மருத்துவர் விளக்கை மூக்கினுள் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம் ஆன்ட்டி, வராமலும் போகலாம்" என்றார். வானிலை அறிக்கை கேட்டது போலிருந்தது.

மூக்கு போனால் நாக்கும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அது தவறு. புளிப்பு, இனிப்பு, உப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று நம் மொழி எண்ணி வைத்த ஆறும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. துவர்ப்பைத் தனியாக எண்ணியவர்கள் சிவப்பு வைன் குடித்திருப்பார்களோ என்றுகூட இப்போது சந்தேகப்படுகிறேன். என்னிடம் இல்லாதது சுவைக்குப் பெயர் தருவது. நாக்கில் புளிப்பு இருக்கிறது. அது எலுமிச்சையா, புளியா, மாங்காயா என்பது தெரியவில்லை. வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள், யார் முகமும் தெரியவில்லை என்பது போல. இந்த நிலையில்தான் நீ அனுப்பிய வைன் பெட்டி வந்தது. என் தம்பி, உன் சாமியார் மாமா, அதை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பங்குக் கோவில் பணியிலிருந்து ஓய்வு பெற்று மயிலாப்பூரில் மற்ற முதிய குருக்களோடு அவர் இருப்பது உனக்குத் தெரியும். "வழியெல்லாம் உள்ள கண்ணாடி இடிக்கிற சத்தம். ஆட்டோக்காரன் கண்ணாடியில பெட்டியையும் என் அங்கியையும் மாத்தி மாத்திப் பார்த்தான்" என்றார். நான் அப்போதே உன்னை அழைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாறாக, வேதியியல் படித்தவளால் நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாதா என்று பார்க்கலானேன். பிற்பகல்களில் ஒவ்வோர் உணவாகச் சமைத்து, ஒவ்வொரு வைனிலும் ஒரு வாய் குடித்து, துப்பி, வாய் கொப்பளித்து, மறுபடி குடித்தேன்.

நீ கேட்டது இதோ. வஞ்சிர வறுவலுக்கு அந்தப் பச்சைத் திருகுமூடிப் புட்டி, சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை வைன். நன்றாகக் குளிர வை. எண்ணெயில் பொரித்ததற்கு நாம் எலுமிச்சை பிழிவது எதற்காகவோ அதற்காகத்தான் அது. வைனைப் பரிமாறினால் தட்டில் எலுமிச்சைத் துண்டு வைக்காதே, இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டியிடும். மீன் குழம்பு சிக்கலானது. புளியும் மாங்காயும் சேர்ந்த குழம்புக்கு முன்னால் புளிப்புக் குறைந்த எந்த வைனும் தண்ணீராகிவிடுகிறது. உணவைவிட வைன் புளிப்பாக இருக்க வேண்டும், மிளகாயைச் சமாதானப்படுத்தக் கொஞ்சம் இனிப்பும் வேண்டும். சற்றே இனிக்கும் ரீஸ்லிங் மட்டும் தாக்குப்பிடித்தது. பன்றிக்கறி விந்தாலுவோடு ஷிராஸ் வேண்டுமென்று நீ எழுதியிருந்தாய். சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு வைன் என்று எங்கோ படித்திருப்பாய். விந்தாலுவில் காடியும் மிளகாயும் இருக்கின்றன. காரத்தின் மேல் அந்தத் துவர்ப்பும் ஆல்கஹாலும் விழுந்தால் வாய் எரிகிறது, பிறகு கசக்கிறது. அதற்குக் குளிரவைத்த இளஞ்சிவப்பு ரோஸே கொடு. ஷிராஸை மட்டன் பிரட்டலுக்கு வை. ஆட்டுக் கறியும் கொழுப்பும் துவர்ப்பைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குகிறதே, அதே கணக்கு. பொரித்த நெத்திலிக்கு நுரைக்கிற வைன். உப்பும் நுரையும் நன்றாகச் சேருகின்றன. உன் மதியின் வீட்டார் சைவம் என்பதால் அவர்களுக்கென்று திருநெல்வேலிச் சொதி உண்டு. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் எலுமிச்சையும் கொண்ட அந்த மென்மையான பண்டத்துக்கு இனிப்பில்லாத செனின் பிளாங்க் பொருந்தும். வைனும் உணவும் சேர்வதைத் திருமணத்தோடு ஒப்பிட்டு இந்த இடத்தில் அறிவுரை சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்தாய். சொதியைச் செனினோடு சேர்த்தது தவறென்றால் புட்டியை மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாகத்தான் வந்திருக்கும் என்று நம்புகிறேன். என் நம்பிக்கை எவ்வளவு பெறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்றில் ஒத்திகையாக மதியையும் அவள் பெற்றோரையும் சாப்பிட அழைத்தேன். உன் மாமாவும் வந்தார். தியாகராய நகர்க் கடையைப் பகல் வேளையில் பையன்களிடம் விட்டுவிட்டு உன் வருங்கால மாமனார் வந்தது அதுவே முதல் தடவை என்று அவர் மனைவி பெருமையும் குறையுமாகச் சொன்னார். அவரே தூக்குவாளியில் சொதி கொண்டுவந்திருந்தார். நான் வாழைப்பூ வடை செய்திருந்தேன். அவர்கள் வைன் குடித்துப் பழகியவர்கள் அல்லர். பெண் கட்டிக்கொடுக்கும் வீட்டில் முகம் கோணக்கூடாது என்று ஒரு கை பார்க்க வந்தவர்கள். ஆகவே இருப்பதிலேயே உயர்ந்ததைத் திறந்தேன். போன வருடம் அலுவலக வேலையாகப் போனபோது பிரான்ஸிலிருந்து நீ கொண்டுவந்த, கார்க் அடைத்த வெள்ளை வைன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பு சரியாக இருந்தது. ஊற்றினேன்.

சம்பந்தி தம்ளரை மூக்கருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்திருந்தார். "சம்பந்தியம்மா, இதுல ஒரு வாசம் வருதே. மழைக்கு நம்ம குடோன்ல கோணி நனைஞ்சு கெடந்தா ஒரு வாசம் வரும்லா, அது மாதிரி. இது இப்படித்தான் இருக்குமோ?" அவர் மனைவி முழங்கையால் இடித்தார். "சும்மா குடிங்க. வெல கூடுன சாமான். கோணி வாசமாத்தான் இருக்கும்." நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பெடுத்தேன். "அது மண்வாசனை. பழைய திராட்சைத் தோட்டத்து மண்ணிலேர்ந்து வர்றது. நல்ல வைனுக்கு அதுதான் அடையாளம்" என்றேன். கொஞ்சமும் குரல் பிசகவில்லை. முப்பது வருடம் பாடம் நடத்தியவளுக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது கடினமல்ல. "படிச்சவங்க சொன்னா சரிதான்" என்று அந்த நல்ல மனிதர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க, பழகுனா பிடிக்கும்னு நெனைக்கேன்" என்று தம்ளரை நீட்டினார். அவர் மனைவி கஷாயம் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். மதி ஒரு முறை முகர்ந்தாள், என்னைப் பார்த்தாள், தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு பேச்சை மாற்றி, வடைக்கு எவ்வளவு சோம்பு போட்டேன் என்று கேட்டாள். அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இந்தக் கடிதம் வரை அவள் உன்னிடம் சொல்லவில்லை என்றால், நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணைப் பற்றி நான் அறிய வேண்டியது அவ்வளவுதான்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் உன் மாமா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, அந்தாளு சொன்னதுதான் சரி. கோணிதான். கார்க்கு கெட்டு வைனும் கெட்டுப் போயிருக்கு."

"அப்ப நீ ஏன் முழுசா குடிச்ச?"

"காலமெல்லாம் பூசைக் கிண்ணத்துல மிச்சம் வைக்காமப் பழகிட்டேன். கை நிக்கல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எத்தனை நாளா?"

"எது?"

"என்கிட்டயேவா? போன வாரம் நீ குடுத்த ரசம் தீஞ்சு போயிருந்துச்சு. வயசாச்சு, கவனம் இல்லன்னு நெனச்சேன். கவனம் இல்லாம இல்ல. உனக்கு வாசனையே தெரியல. அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"கல்யாணம் முடியட்டும்."

"முடிஞ்சா ஈஸ்டர் வரட்டும்னு சொல்லுவ."

"நீ சொல்லிடுவியா?"

"நான் பாவசங்கீர்த்தனம் கேட்டவன். வெளிய சொல்லிப் பழக்கமில்ல. நீதான் சொல்லணும்."

நான் சொல்வதாக இல்லை. தீய்ந்த ரசத்தைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை, கெட்ட வைனைச் சம்பந்தி கேட்டு வாங்கிக் குடித்தார், இப்படியே இன்னும் சில வருடங்களை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அந்த வாரமே ஒரு காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கூடத்தில் நாளிதழோடு உட்கார்ந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. நான் இரண்டாம் பக்கத்தை முடித்து மூன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தேன். அப்போது வாசலில் கூடை விழுந்த சத்தம் கேட்டது.

"டீச்சரம்மா, இன்னா பண்ணிக்கினு கீற உள்ள? கேட்டாண்ட வரசொல்லவே கேஸ் நாத்தம் குடலப் புடுங்குது." கன்னியம்மாள் செருப்போடு உள்ளே ஓடினாள். அவள் சமையலறைக்குள் போய் அடுப்பின் திருகியை மூடுவது கேட்டது. "ஜன்னலத் தொற. ஸ்விட்சு கிட்ட கைய வெக்காத. தீக்குச்சி எங்க கீது? எடுத்து வெளிய போடு." அவள் அதட்டிய வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்தேன். எல்லாம் முடிந்து இருவரும் வாசற்படியில் நின்றபோது என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உனுக்குத் தெர்லயா?" என்றாள். சளி என்றேன். "சளின்னா தும்மணும்ல? மூக்கு ஒழுவணும்ல?" என்றாள். கூடையிலிருந்து சரிந்த சங்கரா மீனை எடுத்து மணல் தட்டிக்கொண்டே, "போன வாரம் நான் குட்த்த மீனு சுமாருதான். நீ ஒண்ணும் கேக்கல. அப்பவே எனுக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு" என்றாள். வெற்றி பெற்றவள் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. என்னை ஏமாற்ற முடிந்தது அவளுக்கும் வருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே கெட்ட மீனை வாங்கிவிட்டேன். நம் ஒப்பந்தத்தின் வாசகப்படியே தோற்றிருக்கிறேன். தீ விபத்தில் சாவதைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இல்லை. ஆனால் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். அவர்கள் என் கர்வத்தில் கையெழுத்துப் போடவில்லை. வேண்டுமானால் வாயு கசிந்தால் கத்தும் கருவியை வாங்கலாம், மின் அடுப்புக்கு மாறலாம் என்று நீ எழுதுவாய், நல்ல பிள்ளை என்பதால். அதையெல்லாம் நானும் யோசித்தேன். ஒரு கருவி எனக்காக முகர, நான் அதற்கு எதிரே உட்கார்ந்து ருசியற்ற சோற்றை உண்பதற்கா இந்த அடுப்புக்காக உன்னோடு வாதாடினேன்? விருந்தை நானே சமைக்கிறேன். மதி பக்கத்தில் நின்று எனக்கு மூக்காக இருக்கட்டும். அதற்கு மறுநாள் சிலிண்டரை மூடிவிட்டு உங்களோடு வருகிறேன். வந்த பிறகு என்னை மகிழ்விக்க முயலாதே. அந்த நான்கு செடிகளைக் காட்டாதே.

இனி எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. உன் அப்பாவுக்கு எதோடு எது சேரும் என்பதில் அக்கறை இருந்ததில்லை. நாம் கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் ஊறவைக்கும் பன்னீர் திராட்சை வைனை அவர் தயிர்சோற்றோடுகூடக் குடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார். குடித்தால் அவர் சட்டைக் காலரில் கிராம்பும் வியர்வையும் சவரச் சோப்பும் கலந்து ஒரு மணம் வரும். அவர் கடைசியாகக் கழற்றிப் போட்ட நீலக் கோடு போட்ட சட்டையைத் துவைக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை முடிந்து அலமாரியில் வைத்தேன். எப்போதாவதுதான் அவிழ்ப்பேன், அடிக்கடி அவிழ்த்தால் தீர்ந்துவிடும் என்று சிக்கனமாக இருந்தேன். காய்ச்சலுக்குப் பின் ஒரு நாள் அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டேன். துணி. வெறும் பருத்தித் துணி, காலரில் கொஞ்சம் சொரசொரப்பு. மணம் சட்டையிலிருந்து போய்விட்டதா, என்னிடமிருந்து போய்விட்டதா என்பதை அறிய எனக்கு வழியில்லை. ஒருவர் இரண்டு முறை சாவதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அன்று இரவுச் சமையல் செய்யவில்லை.

ஆய்வகத்தில் அறியாத பொருளைச் சோதிக்கும் முன் அறிந்த பொருளைச் சோதிப்பது வழக்கம். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க. கெட்டுப்போன அந்தப் பிரெஞ்சு வைனில் பாதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். நீ வந்ததும் முதலில் அதைத் திறந்து முகர்ந்து, என்ன வாசனை என்று என்னிடம் சொல். சரியான பதில் எனக்குத் தெரியும். "பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று நீ சொன்னால், உன்னிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டேன். சட்டையை அப்படியே பெட்டியில் வைத்து எடுத்து வருவேன். கோணி வாசனை என்று சொன்னாயானால், அலமாரியைத் திறந்து அந்த உறையை உன் கையில் கொடுப்பேன். அதையும் முகர்ந்து பார். இருந்தால் இருக்கிறது என்று சொல். இல்லாவிட்டால் இல்லை என்று சொல். துவைத்து, இஸ்திரி போட்டு, கன்னியம்மாள் மகனுக்குக் கொடுத்துவிடலாம்.

அம்மா